கட்டைவிரலுக்கு வேலை வைக்காத அடுப்பு

மாவாட்ட கிரைண்டர் வந்துவிட்டது. துணி பிழிய வாஷிங் மெஷின் வந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்கும் வேலை மட்டும் இன்னும் கட்டைவிரலின் தலையில்தான் விழுகிறது. இடது கையால் குமிழை அழுத்தித் திருப்ப வேண்டும். அதே நேரத்தில் வலது கையால் லைட்டரைத் தட்ட வேண்டும். விரல்கள் மடங்க மறுக்கும் விடியற்காலையில், பால் காய்ச்சவே இத்தனையும் செய்தாக வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது தினசரித் தொல்லை. கேஸைத் திறந்துவிட்டு லைட்டரோடு மல்லுக்கட்டும் அந்தச் சில நொடிகளில் இது ஆபத்தும்கூட.

கையில் பலம் குறைந்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் சிக்கல், கிள்ளிப் பிடிக்கும் பிடியில் இருக்கிறது. கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கட்டைவிரல் நுனியால் 1 கிலோ விசையில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், மணிக்கட்டை ஒட்டிய கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் விழுகிறது. தேய்ந்த மூட்டு இதைத் தாங்குமா? நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த அடிமூட்டுத் தேய்மானம் ஆண்களைவிட அதிகம். முடக்குவாதம் இருந்தால் கதை வேறு. அது விரல் கணுக்களையும் மணிக்கட்டையும் வீங்க வைக்கும். அந்த நோய் உள்ளவர்களுக்குக் கட்டைவிரல் மட்டுமல்ல, முழுக்கைப் பிடியே வலிக்கும். ஆகவே ஒருவருக்கு உதவும் வழி இன்னொருவருக்கு உதவாமல் போகலாம். என்றாலும் இருவருக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: சிறிய மூட்டு செய்கிற வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்ற வேண்டும். விரல் நுனியின் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கையின் வேலையை முழங்கைக்கும் தள்ளிவிடுவதுதான் அந்த மாற்றம்.

முதலில் அடுப்பைச் சோதியுங்கள்

பழியை எப்போதும் கையின் மீதே போட வேண்டியதில்லை. பழைய அடுப்பில் குமிழுக்குப் பின்னால் உள்ள வால்வின் கிரீஸ் காய்ந்து இறுகிப்போகும். அப்போது நல்ல கைக்கே குமிழ் திரும்பாது. அடுப்பு பழுது பார்ப்பவர் வால்வைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே உள்ள வெப்பம் தாங்கும் கிரீஸைப் போட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். இதை நாமே தேங்காய் எண்ணெய் விட்டுச் சரிசெய்யப் பார்ப்பது விபரீதம். எண்ணெய் பிசுக்காகி வால்வு இன்னும் இறுகும், கேஸ் கசியவும் இடம் உண்டு. பர்னரின் துளைகளை அடைத்திருக்கும் பால் பொங்கிய கறையும் இன்னொரு காரணம். துளை அடைத்தால் தீ ஒரு பக்கம்தான் பிடிக்கும், லைட்டரைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டிவரும். ஊசியால் துளைகளைக் குத்திவிட்டு, பர்னரைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள்.

லைட்டரின் பிடிவாதம்

நம் வீடுகளில் தொங்கும் எவர்சில்வர் லைட்டரில் பேட்டரியும் கிடையாது, கல்லும் கிடையாது. பின்னால் உள்ள பித்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் அது விடுபட்டு, சிறு சுத்தியலைப் பீங்கான் போன்ற ஒரு துண்டின் மீது அடிக்கிறது. அடிபட்ட துண்டு பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்க, முனையில் பொறி பறக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தப் பண்பை 1880இல் பிரான்சில் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும். மேரி கியூரியின் கணவர்தான் அந்த பியர். அறிவியல் அருமையானதுதான். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு அது கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. பாதி அழுத்தினால் பாதிப் பொறி வராது. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கின் முழு விசையையும் வென்றாக வேண்டும்.

கட்டைவிரலால் அழுத்துவதை விட்டுவிட்டு, நான்கு விரல்களால் லைட்டரைச் சுற்றிப் பிடித்து, பித்தானை உள்ளங்கையின் அடிமேட்டில் பதித்து அழுத்திப் பார்க்கலாம். தடி மெலிந்திருந்தால் பிடிக்கும் பகுதியில் மட்டும் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம். தீ படும் முனைக்கு அருகில் ரப்பர் வரக் கூடாது. துப்பாக்கி வடிவ லைட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. கட்டைவிரல் தேய்மானம் உள்ளவர்களுக்கு அவை வசதி. விரல் கணுக்கள் வீங்கியவர்களுக்கு அந்த விசையை இழுப்பதே பாடாக இருக்கும். சுடர் எரியும் நீள பியூட்டேன் லைட்டரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகள் தொடாமலிருக்க வைத்த பூட்டையும் அழுத்தி, விசையையும் இழுக்க வேண்டும். முதியவர்களின் கையையும் அந்தப் பூட்டு சேர்த்தே தடுக்கிறது.

இப்போது சார்ஜ் செய்து பயன்படுத்தும் மின்பொறி லைட்டர்கள் வந்திருக்கின்றன. மெல்லத் தொட்டாலே இரு முனைகளுக்கு நடுவே பொறி தொடர்ந்து ஓடும், ஸ்பிரிங்கோடு சண்டையில்லை. பழைய அடுப்பை மாற்ற மனமில்லாதவர்களுக்கு இதுதான் குறைந்த செலவில் பெரிய ஆறுதல். முனையைப் பர்னரின் ஓரத்துக்கு வெகு அருகில் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்றே இதன் குறை.

தீக்குச்சியை விடமாட்டேன் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: தீப்பெட்டியை இருபக்க ஒட்டு டேப்பால் அடுப்புக்கு எட்டத்தில், மேடையின் மீது ஒட்டிவிடுங்கள். பெட்டியைப் பிடிக்கும் கைக்கு வேலை மிச்சம்.

'ஆட்டோ' என்றால் எல்லாம் ஒன்றல்ல

புதிதாக அடுப்பு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லைட்டரே தேவையில்லாத அடுப்பு என்று கடைக்காரர் காட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில், குமிழுக்குள்ளேயே அதே ஸ்பிரிங் சுத்தியல் ஏற்பாடு இருக்கும். அதை அழுத்தித் திருப்ப, சாதாரணக் குமிழைவிடக் கூடுதல் பலம் வேண்டும். லைட்டரை ஒழித்துவிட்டு, அதன் சுமையைக் குமிழில் ஏற்றிய கதைதான். மற்றொன்று பேட்டரியிலோ வீட்டு மின்சாரத்திலோ இயங்குவது. குமிழை லேசாக அழுத்தினால் 'டிக் டிக்' என்று பொறிகள் வரிசையாக வரும். வலிக்கும் கைக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகை. ஒரே தட்டு சத்தமா, தொடர் சத்தமா என்று காதால் கேட்டே இரண்டையும் பிரித்துவிடலாம்.

தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வசதி சில அடுப்புகளில் உண்டு. பர்னர் ஓரத்து உணரி சூடேறும் வரை குமிழைச் சில நொடிகள் அழுத்தியபடியே இருக்க வேண்டும். கைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் தனியாக வாழும் முதியவர் வீட்டில் இது இருப்பதே மேல் என்பேன். விரல்களை மடித்து, கைமுட்டியின் தட்டையான பக்கத்தால் அழுத்திக்கொண்டால் விரல் நுனி தப்பிக்கும். திருப்புவதற்கு 'நாப் டர்னர்' என்ற கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. அதன் முகத்தில் உள்ள கம்பி முனைகள் எந்த வடிவக் குமிழையும் கவ்விக்கொள்ளும். தடித்த கைப்பிடியைப் பிடித்து முழங்கையால் திருப்பலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பு பற்றவைக்கும் வேலையையே எடுத்துவிடுகிறது. காபி, பால், வெந்நீர் மூன்றுக்கும் அது போதும். பித்தானை அமுக்க வேண்டிய மாடல், தொட்டாலே போதுமான மாடல் இரண்டும் உண்டு. முதியவர்களின் உலர்ந்த விரல்களைத் தொடுதிரை சில சமயம் உணராது என்பதால், வாங்கும் முன் தொட்டுப் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.

வெளியூரில் சமைக்கும்போது

வேனில் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள் கொண்டுசெல்லும் சிறிய அடுப்புகளில் கேனைப் படுக்கவைத்து மாட்டும் கேசட் அடுப்புதான் கைக்கு எளிது. கேனைப் பூட்டும் நெம்புகோலை உள்ளங்கையால் அமுக்கிவிடலாம். கேனின் தலையில் நேரே திருகும் சின்ன அடுப்பில், கேஸைத் திறக்கும் திருகு கம்பி வளையம் அளவுக்கே இருக்கும். அது மூட்டுவலிக்காரருக்குச் சத்துரு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல் விடியலில் கேசட் அடுப்பு முரண்டு பிடித்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. பூஜ்ஜியத்தை நெருங்கும் குளிரில் அது வாயுவாக மாறவே தயங்கும். கேனை இரவில் அறைக்குள் வைத்திருந்தால் போதும். மூடிய வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எந்த அடுப்பையும் எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ரயிலில் கேஸ் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் தீயில் இறந்ததற்கு, விதியை மீறி உள்ளே எடுத்துச் சென்ற சிலிண்டர்தான் காரணம்.

வரிசை மாறக் கூடாது

எந்தக் கருவியானாலும் முதலில் பொறியைத் தயாராக வையுங்கள். லைட்டர் பர்னர் ஓரத்தில் இருக்க வேண்டும், குச்சி என்றால் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குமிழைத் திறக்க வேண்டும். மூன்று நான்கு தட்டலில் பிடிக்கவில்லையா? குமிழை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, மேலே பறந்துபோகாமல் மேடையிலும் தரையிலும் தேங்கும். தேங்கிய பிறகு விழும் பொறி முகத்தைச் சுட்டுவிடும். மறுபடி பற்றவைக்கச் சோம்பி ஒரு பர்னரை எப்போதும் சிறு தீயில் விட்டுவைப்பதும், காகிதத்தைச் சுருட்டி அடுத்த பர்னருக்குத் தீ மாற்றுவதும் இன்றே நிறுத்த வேண்டிய பழக்கங்கள். ரெகுலேட்டரைத் திருப்ப முடியாமல் இரவில் திறந்தே விடுகிறவர்கள், வீட்டில் வேறு யாரிடமாவது அதை மூடும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கசிவு வாடை வந்தால், வெளியே வந்த பிறகு 1906க்கு அழைக்கலாம்.

காலையில் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் கையை வைத்திருந்தால் விறைப்பு குறையும். முந்தின இரவே பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிவைத்தால் அதற்காக அடுப்பைத் தொட வேண்டியிராது. விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கணுக்களில் வீக்கமும் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். வலி மாத்திரையை நாமே வாங்கி விழுங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சிகிச்சை எடுத்தால் விரல்கள் கோணாமல் காக்க முடியும்.

பெற்றோருக்கு அடுப்பு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி மேல்தளத்தையும் தள்ளுபடியையும் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அம்மாவையே கடைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு குமிழையும் அவர் கையாலேயே அழுத்தித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு எது வலிக்காமல் திரும்புகிறதோ அதையே வாங்குங்கள்.