ருக்மணி தேவி: சிங்களத் திரையின் முதல் நாயகியும் கலையுழைப்பும்

இலங்கைச் சினிமா பற்றி எழுதியோர் ருக்மணி தேவியை 'இராணி' என்றும் 'குயில்' என்றும் குறிப்பிடுவது வழக்கம். இவ்விரு பட்டங்களும் ஒரே உண்மையை மறைப்பன. அரசி கூலி பெறுபவளல்லள்; குயில் பிழைப்புக்காகப் பாடுவதுமில்லை. ருக்மணி தேவியோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தமது குரலையும் நடிப்பையும் விற்று வாழ்ந்த உழைப்பாளி. அவரது வாழ்வின் ஏற்ற இறக்கங்களை இந்நோக்கிலே ஆராய்தல் வேண்டும்.

1923 இல் மலைநாட்டின் இறம்பொடையிற் பிறந்த அவரின் இயற்பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கொழும்புச் செட்டிச் சமூகத்தின் கிறிஸ்தவக் குடும்பமொன்றைச் சார்ந்தவர். ஆயினும் 1930களின் இறுதியில், எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து புத்தகயாவைப் போற்றி அவர் பாடிய சிங்களப் பாடலே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. இசைத்தட்டு வணிகத்துக்கு வேண்டியது குரல்; பாடுபவரின் சமயமோ இனமோ அதற்கு ஒரு பொருட்டன்று. சமூகத்தைவிடச் சந்தை இவ்விடயத்தில் தாராளமாக நடந்துகொண்டது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆனால் அச்சந்தையில் உலவிய பெயர் இராசம்மா அன்று; ருக்மணி தேவி.

பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் அவர் முதன்மை நடிகையானார். ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்னவை மணந்தார். குழுவை நடத்துபவர் கணவனின் தமையன், உடன் நடிப்பவர் கணவன் என்றமையும் அமைப்பில், ஊதியத்துக்குரிய உழைப்பு எங்கே முடிகிறது, குடும்பக் கடமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. நாடகக் குழுக்களிலிருந்து திரைக்கு வந்த நடிகையர் பலரின் வரலாறுகளை வாசிப்போர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

மினர்வா குழுவின் நாடகமொன்றே 1947 சனவரி 21 இல் 'கடவுனு பொரொந்துவ' என்னும் முதலாவது சிங்களப் பேசும்படமாக வெளிவந்தது. தயாரித்தவர் தமிழ் முதலாளியான எஸ். எம். நாயகம்; படப்பிடிப்பு நிகழ்ந்தது தமிழகத்தில். தேசியக் கலையின் பிறப்பெனக் கொண்டாடப்படும் இந்நிகழ்ச்சியில் மூலதனம், கலையகம், கதாநாயகி என்னும் மூன்றும் தமிழ்த் தொடர்புடையன. இதனைத் தமிழ்ப் பெருமையாக்கிக் கொள்வது பேதைமை. மூலதனம் மொழி பார்த்துப் பாய்வதில்லை என்பதற்கு இது நல்லதொரு சான்று, அவ்வளவே.

படத்தின் உரிமை தயாரிப்பாளருடையது. மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டு ஈட்டப்படும் வருவாயும் அவ்வாறே. நடிகைக்கு எஞ்சுவது ஒருமுறை பெறும் ஊதியமும், பழகிப்போன ஒரு முகமும். தமிழ்ப் பேசும்படத்தின் முதல் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி இதனை உணர்ந்தே போலும், 1936 இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார். அத்தகைய முயற்சிக்கு வேண்டிய மூலதனம் பெரும்பாலான நடிகையருக்கு எட்டாக் கனியே.

1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளிவந்தது. கலையகத்தை விட்டுக் கிராமத்துக்குச் சென்ற அப்படத்தின் முற்போக்கான பங்களிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இந்தியப் படங்களின் பிரதியெனப் பழைய சினிமா முழுவதையும் ஒதுக்கிய விமர்சனம், அதில் உழைத்தோர் என்னவாயினர் என்று கேட்கவில்லை. தானே பாடி நடிக்கும் நாயகிக்குப் புதிய யதார்த்தப் படங்களில் இடம் சுருங்கிற்று. பின்னணிப் பாடல் முறை பரவியதோடு குரலும் உடலும் வெவ்வேறு கூலிக்குரிய இரு உழைப்புகளாகப் பிரிந்தன. ஆண் நடிகர் வயதேறத் தந்தையாகவும் தலைவராகவும் நடிக்கலாம்; நாயகியாயிருந்த பெண்ணுக்கோ தாய் வேடத்துக்கு அப்பால் எழுதப்பட்டது மிகக் குறைவு. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றிய பின்னரும் அவர் மேடைதோறும் சென்று பாடிக்கொண்டேயிருந்தார்.

1978 ஒக்டோபர் 28 இல், மாத்தறையில் இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு நெடுந்தூரம் வாகனத்தில் திரும்பியபோது, ஜா-எலவை அடுத்த துடெல்லவில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்தார். அப்போது வயது 55. இதனை விதி என்று கூறி அமைவது எளிது. முதலாவது சிங்களப் பேசும்படத்தின் நாயகி, 31 ஆண்டுகளின் பின்னரும் இரவு வேலை முடித்துத் திரும்பும் வழியிலேயே இருந்தார்.