பொடுதலையைப் பாயாக விரிக்க

வாசலில் கொஞ்சம் இடம் கிடக்கிறது, கொரியன் புல் போட்டுத் தண்ணீர் ஊற்றி மாளவில்லை, வேறு என்ன போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பொடுதலைதான். வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்குமே, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறித்து வருவார்களே, அதே செடி. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஒரு கொடியைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை. இலையின் அடி ஒடுங்கியிருக்கும். நுனிப் பக்கம் மட்டும் பல் பல்லாக இருக்கும். கணுவைத் திருப்பினால் அடியில் நூல் மாதிரி வெள்ளை வேர். இந்த வேர்தான் விஷயமே. கொடி ஓடுகிற வழியில் ஒவ்வொரு கணுவும் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் கொடி அறுந்தாலும், வேர் பிடித்த இரண்டு பக்கமும் தனித்தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். அதனால் விதையைத் தேட வேண்டாம். நாலைந்து கணு உள்ள துண்டுகளை அரையடி இடைவெளியில் படுக்கவைத்து, கணுக்களை மண்ணில் அழுத்தினால் போதும். வெயில் நன்றாக விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் கொடி நீளுமே தவிர அடர்த்தி வராது.

எனக்குக் கவலையெல்லாம் கோரையைப் பற்றித்தான். இடத்தைக் கொத்தி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். பொறுங்கள். கொத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் தெளியுங்கள். மண்ணுக்குள் இருப்பதெல்லாம் தலைநீட்டும். கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி தோண்டல். இப்படி இரண்டு மூன்று சுற்று. பாய் விரிந்த பிறகு அதன் நடுவே கோரை முளைத்தால், பொடுதலையைக் கிழிக்காமல் அதை எடுக்க முடியாது. வரப்பிலிருந்து கொண்டுவரும்போதும் மண்கட்டியோடு பெயர்க்காதீர்கள். அதில் கோரைக் கிழங்கு ஒளிந்து வரும். கொடியை மட்டும் அறுத்து, அலசி நடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் வேர் பிடிக்கிற நேரத்துக்கு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதுவரை மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை மூடும் வரை களை எடுப்பதும் உங்கள் வேலை. மூடிய பிறகு சிறு விதைக் களைகளைப் பாயே அமுக்கிவிடும். நன்றாக வேர் இறங்கிய பொடுதலை வறட்சியைத் தாங்கும். கோடையில் இலை சிறுத்து நிறம் மங்கினால் பயப்பட வேண்டாம், அவ்வப்போது நனைத்தால் போதும். அளவாக நடமாடலாம்; தினமும் பந்து விளையாடும் இடத்துக்கு இது சரிவராது.

பூவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். காம்பின் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு சின்னத் தலை, அதைச் சுற்றி வளையமாக வெள்ளைப் பூக்கள். கீழ்ப் பூ உதிர உதிர வளையம் மேலே ஏறும், தலையும் நீளும். தேனீயும் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் விடாமல் வரும். புல்தரையில் இதைப் பார்க்க முடியாது. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பக்கத்தில் மட்டும் பூ வர வர வெட்டிவிடுங்கள்.

ஓரத்தைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்துப் பாத்திக்குள் இறங்கிவிடும். கொடி மண்ணுக்கு மேலேதான் ஓடுகிறது என்பதால், மாதம் ஒருமுறை அரிவாளால் ஓரம் சீவினால் அடங்கும். சீவியதைத் தொட்டிச் செடியின் அடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் வேர் விடும்.