பொதுப் பட்டறைக்கு ஏற்ற ஸ்க்ரோல் சா எது?

மயிரிழை போன்ற ஒரு பிளேடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்க, அதன் முன்னே பலகையைக் கையால் திருப்பித் திருப்பி வளைவுகளை வெட்ட உதவும் சிறிய மேசை இயந்திரம் ஸ்க்ரோல் சா. கையால் அறுக்கும் ஃப்ரெட் சாவின் மின்சார வடிவம் என்று இதைச் சொல்லலாம். ஜிக்சாவில் மரம் நிலையாக இருக்கும், ரம்பம் நகரும். இதில் ரம்பம் ஓரிடத்தில் நிற்கும், மரம்தான் நகரும். பலகையின் நடுவில் துளையிட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டினால், விளிம்பைத் தொடாமலே உட்புறத்தை வெட்டி எடுத்துவிடலாம். பெயர்ப்பலகை எழுத்து, விளக்குக்கூடு, மரப்புதிர், பூவேலைப்பாடு எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன.

நுண்ணிய செதுக்கு வேலை திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் பலரையும் ஈர்த்த தந்தச் சிம்மாசனம் திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய பரிசு. 1986, 1991ஆம் ஆண்டுகளின் வனவிலங்குச் சட்டத் திருத்தங்கள் தந்த வணிகத்தை முடித்துவைத்த பிறகு, தந்தம் செதுக்கிய கைகள் பெரும்பாலும் மரத்துக்கு மாறின. தலைமைச் செயலகத்துக்கு அருகில் உள்ள எஸ்.எம்.எஸ்.எம். கைவினை விற்பனை நிலையத்தில் ஈட்டி, தேக்கு, தேங்காய்ச் சிரட்டை வேலைகளைப் பார்க்கலாம். இன்று அதே ஊரில் ஒரு குடியிருப்போர் சங்க அறையிலோ பள்ளிக் கைவினைக்கூடத்திலோ பத்துப் பேர் பணம் போட்டு ஒரு பட்டறை தொடங்க நினைத்தால், முதலில் வாங்கத்தக்க மின் இயந்திரங்களில் ஸ்க்ரோல் சாவும் ஒன்று. இடம் குறைவாகப் பிடிக்கும், சத்தமும் குறைவு, வட்ட ரம்பத்தோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

லேசர் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி வரும். டெக்னோபார்க்கில் கேரள ஸ்டார்ட்அப் மிஷன் நடத்தும் ஃபேப் லேப் போன்ற கூடங்களில் லேசர் வெட்டு இயந்திரம் வழக்கமான கருவி. ஒரே வடிவத்தை மெல்லிய ப்ளைவுட்டில் ஐம்பது தரம் வெட்ட அதுதான் சரி. ஆனால் விளிம்பு கருகும், தடித்த தேக்கு அதற்குச் சிரமம், விலையும் பராமரிப்பும் சங்கப் பணத்துக்குள் அடங்காது. ஸ்க்ரோல் சாவுக்கு வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டு மரத்தில் ஒட்டினால் போதும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, பிளேடு மாட்டும் இடத்தை. பிளேடுகள் இரண்டு வகை. ஒன்றில் இரு முனைகளிலும் குறுக்காகச் சிறிய பின் இருக்கும். அதைக் கொக்கியில் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. மற்றது பின் இல்லாத வெறும் பட்டை. அதைத் திருகு வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். முதல் வகை மாட்டுவதற்கு எளிது. ஆனால் அந்தப் பின் நுழைய ஏறக்குறைய 5 மி.மீ. அகலத் துளை தேவை. சிறு பூவின் நடுவில் அவ்வளவு பெரிய துளை போட்டால் பூவே போய்விடும். பின் இல்லாத மெல்லிய பிளேடுக்கு 1 மி.மீ. அளவுத் துளை போதும். தவிர, பின் உள்ள பிளேடுகளில் நுண்பல் வகைகள் மிகக் குறைவு. ஆகவே பின் உள்ள பிளேடை மட்டுமே ஏற்கும் இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மலிவு விலை 16 அங்குல இயந்திரங்கள் பலவும் இரண்டு வகையையும் ஏற்கும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலவற்றில் பின் இல்லாத பிளேடைப் பிடிக்கத் தனியாக ஒரு சிறு துண்டும் ஆலன் சாவியும் தருவார்கள். பத்துப் பேர் புழங்கும் பட்டறையில் ஆலன் சாவி எத்தனை நாள் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் பல விதமாக இறுக்குவதால் அந்தச் சிறு திருகின் மரையும் சீக்கிரம் தேயும். பிறகு வெட்டும்போதே பிளேடு நழுவும். சாவி தேவைப்படாமல், கைத்திருகால் இறுக்கக்கூடிய பிடியும், முன்பக்கமே இழுவிசையைத் தளர்த்தும் நெம்புகோலும் உள்ள இயந்திரத்துக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் கொடுக்கலாம். ஒவ்வொரு உள்வெட்டுக்கும் பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் இந்த வசதிதான் வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

பிளேடின் நீளம் ஏறத்தாழ 5 அங்குலம், அதாவது 127 முதல் 130 மி.மீ. நகைத் தொழிலாளர்கள் வில்லில் பூட்டி அறுக்கும் பிளேடும் அதே நீளம், அதுவும் பின் இல்லாதது. எனவே தங்கவேலைக் கருவிகள் விற்கும் கடையில் கிடைக்கும் பிளேடு இந்த இயந்திரத்திலும் பொருந்தும். பித்தளைத் தகட்டுக்கும் சிரட்டைக்கும் அதன் நுண்பற்கள் நன்றாகவே உதவும். மரத்துக்கென்று உள்ளவற்றில் எண் குறையக் குறைய பிளேடு மெல்லியது: மெல்லிய ப்ளைவுட்டுக்கு 1 முதல் 3 வரை, அரை அங்குலத்துக்கு மேற்பட்ட தேக்குக்கும் அயனிக்கும் 5 அல்லது 7. கீழ்நுனியில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பிய வகை, ப்ளைவுட்டின் அடிப்பக்கம் சிலும்பாமல் காக்கும். புதியவர்கள் பிளேடை உடைத்துக்கொண்டேதான் பழகுவார்கள். அதற்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது வேகம். மிக மலிவான சில இயந்திரங்கள் நிமிடத்துக்கு 1,400 வெட்டு என்ற ஒரே வேகத்தில் ஓடும். ப்ளைவுட்டுக்கு அது போதும். அக்ரிலிக் அந்த வேகத்தில் உருகி வெட்டிய கோட்டிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும், உலோகத்தில் பிளேடு சூடேறி அறும். 400 முதல் 1,600 வரை மாற்றக்கூடியதே பொதுப் பட்டறைக்குப் பொருத்தம். பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் 16 அங்குலம், 20 அங்குலம் என்று குறிப்பிடுகிறார்கள். பொழுதுபோக்கு வேலைக்கு 16 தாராளம். மேடை ஒரு பக்கம் 45 பாகை சாய்வது அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு, அதற்காக அலைய வேண்டாம்.

மலிவான இயந்திரத்தின் உண்மையான குறை அதிர்வு. அடிப்பாகம் வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. தகரத்தை மடித்துச் செய்ததாக இருந்தால் நடுங்கும். ஓடும் இயந்திரத்தின் மேடையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திப் பார்ப்பது பழைய சோதனை. கடையில் விழுந்தாலும் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. கனமான மேசையில், அடியில் ரப்பர் விரித்து, நான்கு போல்ட்டுகளால் இறுக்கிய பிறகு அதே இயந்திரம் அடங்கிவிடும்.

டிவால்ட் 788, ஜெர்மனியின் ஹெக்னர் போன்றவை இந்தத் துறையில் அளவுகோலாகக் கருதப்படுபவை. கேரளத்தில் வெளிநாட்டு உறவினர் வழியாகக் கருவி வருவது சகஜம் என்பதால் ஓர் எச்சரிக்கை: அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது. மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், சூடும் ஏறலாம். உதிரிபாகத்துக்கும் மறுபடி அதே உறவினரைத்தான் நம்ப வேண்டும். 230 வோல்ட்டில் இந்தியாவில் விற்பனையாகி, பிடி, தூளை ஊதும் பெல்லோஸ், சுவிட்ச் ஆகியவை தனியாகக் கிடைக்கும் இயந்திரமே மேல்.

இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள ஊரில் வார்ப்பிரும்பு மேடை சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் துரு அண்டாது, பலகையும் வழுக்கி நகரும். பிளேடுகளை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது அவசியம். சிரட்டைத் துண்டு வளைந்திருப்பதால் மேடையில் படியாது. தட்டையான அடிக்கட்டையில் ஒட்டி, குறைந்த வேகத்தில் வெட்டாவிட்டால் பிளேடு அதைத் தூக்கி அடிக்கும். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. இயந்திரத்தின் ஊதுகுழல் வரைகோட்டிலிருந்து தூளைத் தள்ளுமே தவிர அகற்றாது. உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் வேண்டும். எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இல்லாத அறையில் இயந்திரத்தை மாட்டவே கூடாது.

பணம் குறைவாக இருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியவை 20 அங்குல அளவும், வெளிநாட்டுப் பெயரும், இயந்திரத்தோடு வரும் விளக்கும். பின் இல்லாத பிளேடை உறுதியாகப் பிடிக்கும் கைத்திருகுப் பிடி, மாற்றக்கூடிய வேகம், கனமான அடிப்பாகம் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. அவற்றுக்கும் பணம் போதாவிட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ரெட் சா வில்களை ஆளுக்கு ஒன்றாக வாங்கித் தொடங்கலாம். மோசமான ஓர் இயந்திரத்தைவிட அது நல்ல தேர்வு.