ஓதமும் ஒளியும்

நெய்தல் நிலத்தின் இயல்பை மாணாக்கர்க்கு உரைக்கும்போதெல்லாம் ‘ஓதம்’ என்னுஞ் சொல்லிடத்தே சற்று நின்று செல்வது என் வழக்கம். கடல் பெருகுவதும் ஓதம். முழங்கும் அலையும் ஓதம். அண்மையில் ஒருநாள் அவ்வாறு நின்றபோது, கொட்டியாரக் குடாக் கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இந்த ஓதத்தாலே விளக்கு எரிக்கலாமோ?” என்று வினவினான். அவன் தந்தையார் கரைவலை இழுப்பவர். இலக்கணங்கொண்டு விடைகூற இயலாத வினா. ஆதலால் தேடிப் படித்தேன்.

எரிக்கலாம். பிரான்சு நாட்டில் இரான்சு ஆற்றுமுகத்தில் 1966 ஆம் ஆண்டிலே 240 மெகாவாற்று ஆற்றலுள்ள நிலையம் அமைந்தது. ஆங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே கடல்மட்டம் சராசரி 8 மீற்றர் வேறுபடும். நம் திருகோணமலையிலோ அது ஒரு மீற்றரையும் எட்டாது. தேக்கிய நீரின் வலு இவ்வேறுபாட்டின் வர்க்கத்துக்கேற்பக் கூடிக் குறையும். ஒரு மீற்றர் என்றே கொள்ளினும், ஒத்த பரப்புள்ள தேக்கத்தில் இரான்சிற் கிடைப்பதன் 64 இல் ஒரு பங்கே இங்குக் கிடைக்கும். ஆழத்தாற் புகழ்பெற்ற நம் துறைமுகம் ஓதப்பெருக்கால் வறியது.

எஞ்சுவது அலை. கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991 இல் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் 150 கிலோவாற்று அலைமின் நிலையம் ஒன்றை நிறுவினர். அடிதிறந்த கொங்கிரீற்று அறை ஒன்று நீரில் நிற்கும். அலை ஏறுகையில் உள்ளிருக்கும் காற்று வெளியே பாயும். இறங்குகையில் மீண்டும் உட்புகும். எத்திசையிற் பாயினும் சுழலி ஒரே திசையிற் சுழலும். அது சோதனை முயற்சி; பின்னர்க் கைவிடப்பட்டது.

கோணமாமலையின் அடியில் வாடைக்காலத்து அலை மோதுவதைக் கண்டோர் நமக்கும் அது இயலுமென எண்ணுவர். அலையின் வலுவும் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே. உயரம் பாதியானால் வலு காற்பங்கு. கச்சான் வீசும் மாதங்களில் நம் கடல் அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் கரைவலை வளைப்பர். அலைமின்னுக்குரிய காலம் வேறு, வலைக்குரிய காலம் வேறு. ஆயினும் நீரில் நட்ட கொங்கிரீற்று ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்குமன்றோ?

மாணவனின் தந்தையார் இதைக் கேட்டறிந்து என்னிடம் வந்தார். “வாத்தியார் ஐயா, விளக்கு வரட்டும். எங்கட பாடு எங்கே போகும்?” என்றார். வலை வளைக்கும் கரைப்பகுதிக்குப் பாடு என்று பெயர். உழைப்பும் துன்பமும் பாடே. எப்பொருளிற் கேட்டாரென்று யான் வினவவில்லை.

அவர் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சம்பூர் மக்கள் 2006 இல் போரால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் திரும்புமுன்னரே அம்மண் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டது. அத்திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது; 2025 ஏப்பிரலில் அங்கே சூரியமின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. எரிபொருள் மாறியது நன்று. ஆயினும் வரைபடம் முதலிலும் மக்கள் பின்னரும் என்ற அம்முறை கடலுக்கும் வந்துவிடலாகாது.

நிலத்துக்காயினும் உறுதிப்பத்திரம் உண்டு, அலைக்கு ஏது? ஆதலின் நாளை எவரேனும் இங்கு அலைமின் திட்டம் வரைவாராயின், அவர் வரைபடத்தில் முதற்கண் குறிக்கத்தக்கவை பாடுகளும் தோணி செல்லும் வழிகளுமே. அவற்றை அறிந்தவர் கரையில் நிற்கின்றனர். கேட்டாற் சொல்லுவர்.