ஓர் இருபத்தோரிலக்க எண்ணின் வரலாறு

2இன் 67ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிப்பின் 147,573,952,589,676,412,927 என்னும் முழுவெண் கிடைக்கும். இது முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா என்ற வினாவின் வரலாறு, கணிதத்தில் உண்மை எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது என்பதை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

2இன் ஒரு வலுவிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண் முதன்மை எண்ணாக வேண்டுமாயின், அவ்வலுவும் முதன்மை எண்ணாதல் வேண்டும். ஆயின் அது மட்டும் போதுமானதன்று. 11 முதன்மை எண்ணே. எனினும் 11ஆம் வலு தரும் 2047, 23ஐ 89ஆற் பெருக்கி வருவது. 1644இல் பிரெஞ்சுத் துறவி மேர்சென், 257 வரையுள்ள வலுக்களுள் முதன்மை எண் தருவனவற்றைப் பட்டியலிட்டார். 67 அதில் இடம்பெற்றது. நிறுவல் எதுவும் தரப்படாத அக்கூற்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது.

1876இல் எட்வாட் லூக்கா அது பிழையென நிறுவினார். அவர் தொடக்கிவைத்த முறையை 1930இல் லேமர் செம்மைப்படுத்தினார். 4இல் தொடங்குக, வர்க்கித்து 2ஐக் கழிக்க, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. வலுவிலும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமாயின் எண் முதன்மையானது, அன்றேல் சேர்த்தியானது. 5ஆம் வலு தரும் 31இற்கு 4, 14, 8, 0 என மூன்று படிகளில் முடிவு கிடைக்கிறது. 67ஆம் வலுவிற்கோ 65 படிகளின் பின்னும் பூச்சியம் வருவதில்லை. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு: எண்ணுக்குக் காரணிகள் உள என்பது உறுதியாயிற்று, அவை எவை என்பது தெரியவில்லை.

அவற்றைக் காண மேலும் 27 ஆண்டுகள் சென்றன. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருக்கும். தேடல் இவ்வாறு சுருங்கினும் கைக்கணிப்புக்கு அது பெருஞ்சுமையே. 1903 ஒக்டோபர் 31இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல், 193,707,721, 761,838,257,287 ஆகிய இரு காரணிகளையும் முன்வைத்தார். அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டினார் என்ற கதையைப் பிற்காலத்தில் ஈ. ரி. பெல் எழுதிப் பரப்பினார்.

காண்பது அரிது, சரிபார்ப்பது எளிது என்னும் இவ்வேறுபாடே 1977இல் ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் வகுத்த மறைகுறியீட்டு முறைக்கு அடிப்படையாயிற்று. கோலின் எண்ணை இன்றைய கணினி நொடிப்பொழுதிற் காரணிப்படுத்தும். பல நூறு இலக்க எண்களின் நிலை வேறு.

மேர்சென்னின் பட்டியலை ஏற்பதற்கு அவர்மீது நம்பிக்கை வேண்டியிருந்தது. கோலின் முடிவை ஏற்பதற்கு அவர் யாரென்று அறிதலும் வேண்டா. பெருக்கத் தெரிந்த மாணவன் ஒருவன் தாளும் எழுதுகோலும் கொண்டு அதனைச் சோதித்துக்கொள்ளலாம். அறிவு பொதுவுடைமையாவது இவ்வகையிலேயே என நாம் கருதுகிறோம்.