பாறைகளின் ராஜா

மீன் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சகோதரிகள் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் குறிப்பு அல்ல. தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சமுத்திரத்தில், இருண்ட ஆழத்தில் குடித்தனம் நடத்தும் ஒரு பிராணியின் கதை.

அதன் பெயர் 'கிங்கிளிப்'. டச்சு மொழியின் வழிவந்த ஆப்பிரிகான்ஸ் பாஷையில் 'கோனிங்கிளிப்' என்பார்கள். கோனிங் என்றால் ராஜா; கிளிப் என்றால் பாறை. பட்டம் என்னவோ பெரிதுதான். நேரில் பார்த்தால் அவ்வளவு ராஜ களை கிடையாது! இளஞ்சிவப்பு மேனி, அதில் பழுப்புத் திட்டுகள், வழுவழுவென்ற தோல். முதுகுத் துடுப்பும் வாலும் அடித் துடுப்பும் பிரிவில்லாமல், புடவைக் கரை போல உடம்பைச் சுற்றி ஓடுகின்றன. விலாங்கு என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு ஜாதி.

மோவாய்க்கு அடியில் மீசை மாதிரி இழைகள் தொங்குகின்றனவே, அவைதாம் வேடிக்கை. அவை மீசையே அல்ல. மற்ற மீன்களுக்கு வயிற்றுப் பக்கம் இருக்கும் ஜோடித் துடுப்புகள், இதற்கு முன்னேறி வந்து, தாடையின் கீழ் இழைகளாகிவிட்டன! இருட்டில் கடல் தரையைத் தடவிப் பார்க்க ஏற்ற விரல்கள் அவை.

நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடா வரை, சுமார் 50 மீட்டர் முதல் 500 மீட்டர் ஆழம் வரை இதன் ராஜ்யம். குஞ்சுகள் ஆழம் குறைந்த இடத்தில் இருக்கும். வளர வளர ஆழத்துக்குப் போய்விடும். பாறை இடுக்குதான் அரண்மனை. சிறு மீன், இறால் வகை எது வந்தாலும் விருந்துதான். ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளும்; ஆனால் நிதானமாகத்தான் வளரும். வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? மீனின் காதுக்குள் ஒரு சிறு கல் உண்டு. அதை மெல்லியதாக அறுத்து, மரத்தில் பார்ப்பதுபோல வளையங்களை எண்ணுகிறார்கள். 20 வயதைத் தாண்டிய மீன்களும் உண்டு.

இந்த நிதானமே ராஜாவுக்கு வினையாக வந்தது. கடல் தரையை வாரிக்கொண்டு போகும் இழுவை வலை பாறை மேல் போனால் கிழிந்துவிடும். ஆகவே பாறை இடுக்கில் கிழட்டு மீன்கள் பத்திரமாக இருந்தன. 1983-ல் புது முறை வந்தது. மைல் கணக்கில் நீளும் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முட்களைக் கட்டி, பாறைகளின் மேலேயே இறக்கினார்கள். முட்டையிடக் கூட்டமாகக் கூடும் பெரிய மீன்களாகப் பார்த்து ஏறின. வெள்ளை வெளேரென்று, முள் குறைந்த சதை. ஹோட்டல்களில் ஏகக் கிராக்கி! கேட்க வேண்டுமா? சில வருஷங்களிலேயே கூட்டம் மெலிந்து போயிற்று. 1990-ல் அந்தத் தொழிலையே நிறுத்தினார்கள்.

பிடித்ததைப் பிடித்துவிட்டு நிறுத்துவது சுலபம். 20 வருஷம் வளர்ந்த மீனைத் திரும்பக் கொண்டுவர 20 வருஷம் அல்லவா வேண்டும்? இன்றைக்கும் ஹேக் மீனுக்கு விரித்த வலையில் கிங்கிளிப்பும் வந்து அகப்படுகிறது. அதற்கும் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். தெற்குக் கரைக்கு அப்பால் அவை முட்டையிடக் கூடும் ஓர் இடத்தைக் கடல் வரைபடத்தில் பெட்டிபோலக் கட்டம் கட்டி, அந்தப் பருவத்தில் அங்கே இழுவைப் படகுகள் வலை போடக் கூடாது என்றும் தடுத்திருக்கிறார்கள்.