தேக்குக் கப்பல்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுத்தான் இந்த மரக்கப்பல் வேலையில் இறங்கினேன். எடுத்துக்கொண்டது ‘டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல். நம் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் நாவில் அப்படிப் படுத்தினர்! பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கால் கட்டி, 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கிய கப்பல். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் முதல் வரைபடங்கள், அவற்றை ஏற்றிவந்த ‘ஜாவா’ 1812இல் அமெரிக்கரிடம் தோற்று அழிந்தபோது தொலைந்தன. மறுபடி அனுப்ப நேர்ந்தது.

பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி. நூற்றில் ஒரு பங்கு, 18 அங்குலம். தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே செய்வோமென்று பட்டறையில் துண்டுகள் வாங்கினேன். அங்கேதான் இடறினேன். அளவைச் சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியுமா? மெல்லிய பலகையை முகப்பில் வளைத்ததும் ரேகை வழியே பிளந்தது. மூன்று பலகைகள் இப்படிப் போயின.

பட்டறைப் பெரியவர் சிரித்துக்கொண்டே மஞ்சக்கடம்பு தந்தார். நெருங்கிய ரேகை. வெந்நீரில் ஊறவைத்து, சூடாறுமுன் விலாச்சட்டங்களின்மேல் வளைத்துக் கட்டி, காய்ந்தபின் ஒட்டினேன். இருபுறமும் மாறிமாறி ஒட்டவேண்டும். ஒரே பக்கமாகப் போனால் அடிக்கட்டை கோணிவிடும்.

பக்கத்துக்கு நான்கு பலகைகள் மீதி. தேக்குத் துண்டுகள் பீடமாகிவிட்டன.